பாயில் ஒட்டிய மயிர்

வீரமுனையில் ஒரு வீட்டுத் திண்ணை. பெரும்போக வேளாண்மை வெட்டி முடிந்த பங்குனி மாதத்துப் பிற்பகல். நாம் அவ்வீட்டாரோடு பேசிக்கொண்டிருந்தபோது, சம்மாந்துறையிலிருந்து நடுத்தர வயதுடைய ஒரு முஸ்லிம் பெண்மணி, தம் கையால் இழைத்த பன்பாய்கள் இரண்டைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தார். பல ஆண்டுப் பழக்கமுள்ளவர் என்பது வீட்டு நாய் அவரைக் கண்டு குரைக்காததிலேயே தெரிந்தது.

“வாங்க ராத்தா, இருங்க” என்று வீட்டுத் தலைவி வாஞ்சையோடு வரவேற்று, திண்ணை மூலையில் கிடந்த பாயை எடுத்து விரித்தார். விரித்த கையோடு அவர் முகம் வாடியது. பாயின் நடுவே, செம்மண் நிறத்தில், குட்டையான மயிர்கள் பத்துப் பதினைந்து ஒட்டிக்கொண்டிருந்தன. நடுப்பகலில் அங்கே படுத்து உறங்கியது யார் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை.

வந்தவரும் அதைக் கண்டார், கண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. “இருக்கட்டும் தங்கச்சி, அசர் தொழுகைக்கு நேரமாகுது, நிண்டே கதைப்பம்” என்று சிரித்த முகத்தோடு சொல்லி, பாய்களைக் கொடுத்து, காசைப் பெற்றுக்கொண்டு, பிள்ளைகளின் படிப்பை விசாரித்துவிட்டுப் போய்விட்டார்.

அவர் படலையைச் சாத்திக்கொண்டு போன பின்பு, வீட்டுத் தலைவி எம்மிடம் சொன்னார்: “அவ என்னத்துக்கு இருக்கல்ல எண்டு எனக்குத் தெரியும். நாயக் கலைக்கவும் மனமில்ல. அவவ நிக்க வைச்சு அனுப்பவும் மனமில்ல.”

அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் அச்சொற்கள் எம் காதில் ஒலித்துக்கொண்டே இருந்தன. நாயின் படுக்கையில் சேரும் மயிரை அகற்றுவது எப்படி என்பது அற்பமான கேள்வியாகத் தோன்றலாம். ஆனால் அந்த அற்ப மயிர் ஒரு விருந்தினரை நிற்க வைத்துவிட்டதே! ஆகவே அதைப்பற்றிச் சற்று விரிவாகவே ஆராய்வோம்.

காவலனுக்கு ஓர் இடம்

கல்முனையிலிருந்து தெற்கே வந்து, விபுலாநந்த அடிகள் பிறந்த காரைதீவில் மேற்கே திரும்பி அம்பாறைத் தெருவில் சென்றால், இருபுறமும் கண்ணுக்கெட்டிய தூரம் வயல். அவ்வயல்களின் நடுவே சம்மாந்துறை; அதன் அயலே வீரமுனை. சோழ நாட்டிலிருந்து வந்த சீர்பாததேவி, கடலிற் கண்டெடுத்த பிள்ளையார் திருவுருவத்தோடு கப்பலில் வந்து இறங்கிக் கோயில் எடுத்த இடம் இது என்பது வழிவழி வந்த ஐதீகம். சிந்தாயாத்திரைப் பிள்ளையார் என்னும் பெயரோடு அக்கோயில் இன்றும் விளங்குகின்றது.

உழவர் வாழும் ஊரில் நாய் என்பது அலங்காரப் பிராணி அன்று. வட்டையில் வாடி கட்டிக் காவல் இருப்போருக்கு இரவில் துணை அதுதான். பன்றி வந்தால் முதலில் அறிவது அது. யானை வந்தால் எச்சரிப்பது அது. அறுவடை முடிந்து நெல் வீடு வந்ததும் வாடியிலிருந்த நாயும் வீடு வந்து சேரும். காவல் வேலை குறைந்த அந்நாட்களில் திண்ணையும் பாயும் அதற்குச் சொர்க்கமாகிவிடுகின்றன.

சைவர்களுக்கு நாய் வைரவரின் வாகனம். இஸ்லாத்திலும் நாய்க்கு இடமே இல்லை என்று எண்ணுவது தவறு. வேட்டைக்கும், மந்தைக்கும், பயிர்க் காவலுக்கும் நாய் வைத்துக்கொள்ள நபிமொழி இடம் தருகின்றது. தாகத்தால் தவித்த நாய்க்கு நீர் வார்த்தவருக்கு இறைவன் மன்னிப்பு அருளினான் என்னும் வரலாறும் அம்மரபில் உண்டு. குகையில் உறங்கிய நல்லடியார்களோடு அவர்களுடைய நாயும் வாசலில் படுத்திருந்ததைத் திருக்குர்ஆனின் 18 ஆம் அத்தியாயம் கூறுகின்றது. வாசலில் என்பதைக் கவனியுங்கள். காவலனுக்கு உரிய இடம் வாசல். நம் வீட்டுச் சிக்கல், அவன் வாசலைத் தாண்டிப் பாய்க்கு வந்துவிட்டதால் உண்டானதே.

மயிர் உதிர்வது ஏன்?

நாயின் மயிர் ஒவ்வொன்றும் முளைத்து, வளர்ந்து, சிலகாலம் ஓய்ந்து நின்று, பின்பு உதிரும். உதிர்ந்த இடத்தில் புதிய மயிர் முளைக்கும். குளிர்நாடுகளில் வாழும் நாய்கள் வசந்த காலத்திலும் இலையுதிர் காலத்திலும் மூட்டை மூட்டையாக மயிரை உதிர்க்கின்றன. பகற்பொழுது நீள்வதும் குறுகுவதும் அவற்றின் உடலுக்கு ஓர் அறிவிப்பாக அமைகின்றது.

நம் கீழ்க்கரையோ பூமத்திய ரேகைக்கு அருகில் உள்ளது. இங்கே ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஒரு மணி நேரங்கூட இல்லை. ஆகவே நம் ஊர் நாய்க்கு மயிர் உதிர்க்கும் பருவம் என்று தெளிவான ஒன்று இல்லை. ஆண்டு முழுவதும் சிறிது சிறிதாக உதிர்த்துக்கொண்டே இருக்கும். “ஒருமுறை சுத்தம் செய்தோம், முடிந்தது” என்று நாம் இருக்க முடியாமைக்குக் காரணம் இதுவே.

ஆனால் திடீரென்று அளவுக்கு மீறி உதிர்ந்தாலோ, ஓரிடத்தில் மட்டும் வழுக்கை விழுந்தாலோ, தோல் சிவந்து நாய் ஓயாது சொறிந்தாலோ, அது இயல்பான உதிர்வன்று. சொறிப்பூச்சி, தெள்ளு, உண்ணி, சத்துக் குறைவு ஆகியவற்றுள் ஏதோ ஒன்று அதற்குக் காரணமாக இருக்கலாம். அப்போது படுக்கையைச் சுத்தம் செய்வதோடு நில்லாது மிருக வைத்தியரிடம் காட்டுவதே முறை.

ஒட்டிக்கொள்வது எப்படி?

மாணவர்கள் ஒரு சிறு சோதனை செய்து பார்க்கலாம். சீப்பிலிருந்து நீண்ட தலைமயிர் ஒன்றை எடுத்து, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் நீளவாக்கில் வைத்து, விரல்களை முன்னும் பின்னுமாகத் தேயுங்கள். மயிர் இருபுறமும் சமமாக அசையாமல் ஒரே பக்கமாக நகர்ந்து செல்லும். அதைத் திருப்பி வைத்துத் தேய்த்தால் எதிர்ப்பக்கமாக நகரும். எப்பக்கம் வைத்தாலும் வேர்முனையே முன்னால் செல்லும்.

இதன் காரணம் யாது? நுணுக்குக்காட்டியால் மயிரைப் பார்த்தால் அதன் மேற்பரப்பு வீட்டுக் கூரையின் ஓடுகளைப் போல அடுக்கடுக்கான செதில்களால் ஆனது தெரியும். செதில்களின் நுனி யாவும் மயிரின் நுனியை நோக்கியே சாய்ந்திருக்கும். ஆகவே வேர்முனைப் பக்கமாக நகர்வது எளிது, பின்வாங்குவது அரிது. துணியின் இழைகளுக்கிடையே ஒருமுறை புகுந்த மயிர், நாய் புரளும்போதெல்லாம் மேலும் உள்ளே புகுமேயன்றி வெளியே வராது.

நம் நாட்டு நாய்களின் மயிர் குட்டையும் விறைப்பும் உடையது. நீண்ட மென்மயிர் துணியின் மேற்பரப்பில் சுருண்டு கிடக்கும். கையால் வழித்தாலே வந்துவிடும். குட்டை மயிரோ ஊசியைப் போலக் குத்திட்டு நிற்கும். “எங்கள் நாய்க்கு மயிரே குறைவு, ஆனாலும் பாயெல்லாம் மயிர்” என்று பலர் வியப்பது இதனால்தான்.

இன்னொரு காரணம் மின்னேற்றம். உலர்ந்த காற்றில் மயிரும் பொலியெஸ்ரர் போன்ற செயற்கைத் துணியும் உரசினால் ஒன்றில் நேர்மின்னும் மற்றொன்றில் எதிர்மின்னும் தோன்றி ஒன்றையொன்று இழுக்கும். கச்சான் காற்று வீசும் நாட்களில் இத்தொல்லை மிகும், மாரியில் குறையும். துணியில் சிறிது ஈரம் பட்டால் மின்னேற்றம் கலைந்துவிடும்.

இயற்கையின் இந்த ஒட்டும் வித்தையிலிருந்து பாடம் படித்தவர்களும் உண்டு. நாயுருவிப் புதரில் புகுந்து வந்த நாயின் உடலெங்கும் விதைகள் ஒட்டியிருப்பதை நாம் எத்தனையோ முறை கண்டு, சலித்துக்கொண்டு பிடுங்கி எறிந்திருக்கிறோம். சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த ஜோர்ஜ் டி மெஸ்ட்ரல் என்னும் பொறியியலாளர் 1941 இல் மலைப்பக்கம் உலாவி வந்தபோது தம் நாயின் மயிரில் ஒட்டியிருந்த முட்காய்களை எறிந்துவிடாமல் உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தார். அவற்றிலிருந்த நுண்ணிய கொக்கிகளைக் கண்டு அவர் உருவாக்கியதே, இன்று பள்ளிப் பைகளிலும் சப்பாத்துக்களிலும் ‘சர்ர்’ என்று பிரியும் வெல்க்ரோ நாடா.

எந்தப் படுக்கை நல்லது?

வழக்கமாக நாய்க்கு நாம் கொடுப்பது கிழிந்த சாக்கு, பழைய கம்பளி, அல்லது வீட்டார் கழித்த பாய். இவற்றுள் சாக்கும் கம்பளியும் மயிரை விடாப்பிடியாகப் பற்றுவன. சாக்கின் இழைகள் முரடானவை, இடைவெளி மிக்கவை. அவற்றுள் மயிர் மாத்திரமன்றித் தெள்ளின் முட்டைகளும் ஒளிந்துகொள்ளும்.

நெருக்கமாக நெய்த பருத்தித் துணியே சிறந்தது. மருதமுனைக் கைத்தறியில் நெய்த பழைய சாரம் ஒன்றிருந்தால் அதை இரட்டையாக மடித்து ஓர் உறையாகத் தைத்து, உள்ளே பழந்துணிகளை அடைத்துவிடலாம். உறையை மட்டும் கழற்றித் துவைக்க இயலும். இரண்டு உறைகள் இருந்தால் ஒன்று கொடியில் காயும்போது மற்றொன்று பயன்படும். மாரிகாலத்தில், மூன்று நாள் சேர்ந்தாற்போல் வெயில் தலைகாட்டாதபோது, இந்த இரண்டாம் உறையின் அருமை தெரியும்.

படுக்கையை வெறும் நிலத்தில் இடாமல், நாலு செங்கல்லின் மேல் ஒரு பலகை வைத்து அதன்மேல் இடுவது மேலும் நன்று. ஈரம் ஏறாது, கீழே பெருக்கவும் எளிது.

அகற்றும் முறை

இல்லத்தரசிகள் பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. மயிர் நிறைந்த துணியை அப்படியே வாளியில் ஊறவைத்துச் சவர்க்காரமிட்டுக் கும்மி விடுகிறார்கள். ஈரமும், சூடும், தேய்ப்பும் சேர்ந்தால் மயிரின் செதில்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு சடையாகத் திரளும். ஆட்டு மயிரிலிருந்து தறியில்லாமலே தடித்த கம்பளம் செய்யும் வித்தையும் இதுவே. கம்பளம் செய்வோருக்கு உதவும் குணம், துவைப்போருக்குத் துன்பம். ஆகவே முதல் விதி இது: உலர்ந்த நிலையில் அகற்றக்கூடியதை எல்லாம் அகற்றிய பின்பே நீரில் நனைக்க வேண்டும்.

முதலில் நாயிடமிருந்து தொடங்குவோம். பாயில் விழப்போகும் மயிரைச் சீப்பில் பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. வாரம் இருமுறை, வளவின் ஓரத்தில், காற்று நம் முதுகுப்புறமிருந்து வீசும்படி நின்றுகொண்டு, மயிர் சாய்ந்திருக்கும் திசையிலேயே வாருங்கள். குட்டை மயிர் நாய்க்கு றப்பர் பற்கள் உள்ள தூரிகை நல்லது. அஃதில்லையேல் றப்பர் கையுறையைச் சற்று நனைத்துத் தடவினாலும் போதும். பத்து நிமிடத்தில் ஒரு பிடி மயிர் சேரும். அப்படியே உண்ணி இருக்கிறதா என்று காதின் உட்புறத்தையும் விரலிடுக்குகளையும் பார்த்துவிடலாம்.

அடுத்தது வெயிலும் அடியும். படுக்கையை இரண்டு மணி நேரம் நல்ல வெயிலில் காயவையுங்கள். பின்பு அதன் உட்புறம் வெளியே வரும்படி கொடியில் போட்டு, ஈர்க்குக் கட்டாலோ பிரம்பாலோ பின்புறத்தில் அடியுங்கள். மேற்புறத்தில் அடித்தால் மயிர் உள்ளே புகும். பின்புறத்தில் அடித்தால் வெளியே தள்ளப்படும். கொடி கிணற்றடியிலும் சமையலறைப் பக்கத்திலும் இருத்தலாகாது. அடிப்பவர் மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்ளல் நலம்.

மூன்றாவது றப்பர். இது செலவில்லாத உபாயம். பழைய சைக்கிள் ரியூப் ஒன்றைச் சாண் அளவுக்கு வெட்டி, நீளவாக்கில் பிளந்து, கழுவி, ஒரு மரத்துண்டின் மேல் இறுக்கி ஆணியடித்துக்கொள்ளுங்கள். அதை இலேசாக நனைத்து, படுக்கையின் மேல் ஒரே திசையில் இழுத்துக்கொண்டு வாருங்கள். முன்னும் பின்னும் தேய்க்க வேண்டாம்; ஒரே திசை. றப்பரின் உராய்வு குத்திட்டு நின்ற மயிரை வளைத்து இழுத்து வெளியே கொண்டுவரும்; ஈரம் மின்னேற்றத்தைக் கலைக்கும். துணியின் ஓரத்தில் மயிர் திரியைப் போல உருண்டு திரளும், கையால் எடுத்துவிடலாம். தையல் ஓரங்களில் எஞ்சி நிற்பவற்றை ஒட்டுநாடாவைக் கையில் பசைப்புறம் வெளியே இருக்கும்படி சுற்றிக்கொண்டு ஒற்றி எடுக்கலாம்.

நான்காவதாகவே நீர். உறையை உட்புறம் திருப்பி, தனி வாளியில், முதலில் சவர்க்காரமில்லாத நீரில் அலசுங்கள். மிதக்கும் மயிரை மேல்நீரோடு ஒரு பழந்துணியின் வழியாக வடித்துவிடுங்கள். நீர்ப்போக்கி அடைபடாமல் இருக்க இது உதவும். அதன் பின்பு சுடுநீரும் சவர்க்காரமும். பருத்தித் துணியானால் 60 பாகை செல்சியஸ் அளவு சூடுள்ள நீரில் ஊறவைத்தால் தெள்ளும் அதன் முட்டைகளும் அழியும். அந்நீரில் கையை விடலாகாது. அது கையைச் சுட்டுவிடும். தடியால் கிளறி, ஆறிய பின்பு கும்முங்கள். வீட்டாரின் உடைகளை இத்துணியோடு சேர்த்துத் துவைத்தல் கூடாது. சலவை இயந்திரம் உள்ள வீடுகளில் மேற்சொன்ன உலர்முறைகளை முடித்த பின்பே துணியை உள்ளே இடவேண்டும். துவைத்து முடிந்ததும் அதன் வடிகட்டியைச் சுத்தம் செய்து, உட்தொட்டியை ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும்.

கடைசியாகக் காயவைத்தல். அரை ஈரத்தில் ஒருமுறை நன்றாக உதறிவிட்டுக் கொடியில் போட்டால் எஞ்சிய மயிரும் காற்றோடு போகும். முழுவதும் காயாத துணியை நாய்க்கு இடாதீர்கள். பூஞ்சணம் பிடித்து நாற்றமும் தோல்நோயும் உண்டாகும்.

பன்பாய் இவ்வளவு தண்ணீரைத் தாங்காது. நீரில் ஊறினால் பன் இளகிச் சாயமும் கரையும். கடும் வெயிலில் நெடுநேரம் கிடந்தால் முறுகி ஒடியும். அதைப் பின்புறமாகத் தட்டி, பன் ஓடும் வாக்கிலேயே ஈரத்துணியால் துடைத்து, நிழற்காற்றில் உலர்த்துவதே ஏற்றது. ஆயினும் எல்லாவற்றிலும் எளிய வழி, பன்பாயை நாய்க்கு எட்டாத உயரத்தில் சுருட்டி வைப்பதே!

செய்யத் தகாதன

மண்ணெண்ணெய், பினைல் முதலியவற்றைப் படுக்கையில் தெளிப்போர் உளர். நாய் தன் உடலைத் தானே நக்கும் பிராணி. படுக்கையில் தெளித்தது தோலிலும், தோலில் பட்டது வயிற்றிலும் சேரும். பூச்சி மருந்து வேண்டுமாயின் மிருக வைத்தியர் சொல்லும் மருந்தை, சொல்லும் அளவில் மட்டுமே இடவேண்டும். நாய்க்கான சில மருந்துகளில் உள்ள பெர்மெத்ரின் என்னும் பொருள் பூனைக்கு நஞ்சு. இரண்டும் வளரும் வீட்டில் இது மிகவும் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய விஷயம்.

சேர்த்த மயிரை எங்கே போடுவது? மண்ணில் குழி தோண்டிப் புதைத்தால் மெல்ல மெல்ல மக்கி உரமாகும். குருவிகள் கூடு கட்ட எடுத்துச் செல்லட்டும் என்று வெளியில் போடுவது இரக்கமான எண்ணமே. ஆனால் பூச்சி மருந்து இட்ட நாயின் மயிரானால் அது வேண்டாம். பிரித்தானியாவில் அண்மையில் குருவிக் கூடுகளைச் சோதித்த ஆய்வாளர்கள், செல்லப்பிராணிகளின் மயிர் வழியாக அத்தகைய மருந்துகளின் எச்சம் கூடுகளுக்குள் சென்றிருப்பதைக் கண்டிருக்கிறார்கள்.

நாய் மயிரைப் பொன்போலச் சேர்த்து வைத்த மக்களும் உலகில் இருந்தார்கள் என்றால் நம்புவீர்களா? வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் வாழும் பழங்குடி மக்கள், மென்மயிர் அடர்ந்த ஒருவகை நாயை அதற்கெனவே வளர்த்து, அதன் மயிரைக் கத்தரித்து நூலாக்கிப் போர்வை நெய்தார்கள். அவ்வினம் இப்போது அற்றுப்போயிற்று. 1859 இல் இறந்த ‘மட்டன்’ என்னும் அவ்வின நாயின் தோல், அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் பாதுகாக்கப்பட்டிருந்தது. அதை ஆராய்ந்து அவ்வினத்தின் வரலாற்றை அறிஞர்கள் 2023 இல் வெளியிட்டார்கள். நமக்குக் குப்பையாகத் தோன்றுவது மற்றோரிடத்தில் செல்வமாக இருந்திருக்கிறது.

மயிரோடு வருவன

வெறும் மயிர் மட்டுமாயின் இத்தனை பாடு வேண்டாம். அதனோடு வருவன சில உண்டு.

முதலாவது தெள்ளு. நாயின் உடலில் நாம் காணும் தெள்ளு, அக்குடும்பத்தில் ஒரு சிறு பங்கே. தாய்த் தெள்ளு இடும் முட்டைகள் வழுக்கி உதிர்ந்து படுக்கையில் விழும். முட்டை புழுவாகி, புழு கூடுகட்டி, கூட்டுக்குள் நாட்கணக்காக, சில வேளை மாதக்கணக்காகக் காத்திருக்கும். நாய் வந்து படுக்கும் அதிர்வையும் மூச்சுக் காற்றையும் உணர்ந்ததும் வெளியே துள்ளும். நாயை மட்டும் குளிப்பாட்டிப் படுக்கையை விட்டுவிட்டால் தெள்ளு ஒழியாமைக்குக் காரணம் இதுவே. உண்ணியும் அவ்வாறே, அது சுவர் வெடிப்புகளிலும் தன் முட்டைகளை இட்டு வைக்கும்.

இரண்டாவது வட்டப்புழு. நாயின் குடலில் வாழும் இப்புழுவின் முட்டைகள் மலத்தோடு மண்ணில் கலந்து, நாட்கள் சென்று நோய் தரும் பக்குவம் அடையும். மண்ணில் விளையாடிய கையைக் கழுவாமல் வாயில் வைக்கும் குழந்தைகளுக்கே இதனால் ஆபத்து மிகுதி. நாய்க்கு உரிய காலத்தில் பூச்சி மருந்து கொடுப்பதும், படுக்கையைத் தொட்ட பின் கைகழுவுவதும் இதற்குக் காப்பு.

மூன்றாவது ஒவ்வாமை. சிலருக்கு நாய் இருக்கும் வீட்டில் தும்மலும் இழுப்பும் வருவது மயிரால் என்று நினைக்கிறோம். உண்மையில் நாயின் உமிழ்நீரிலும் தோற்செதிலிலும் உள்ள சில புரதங்களே அதற்குக் காரணம். மயிர் அவற்றைச் சுமந்து திரியும் வாகனம். இவை மிக நுண்ணியவை. நாய் வீட்டைவிட்டுப் போன பின்பும் பல வாரங்கள் தங்கியிருக்கும். இழுப்பு நோயுள்ள குழந்தை இருக்கும் வீட்டில் நாயின் படுக்கை உறங்கும் அறைக்குள் இருத்தலே ஆகாது.

இவற்றோடு விசர்நாய்க்கடித் தடுப்பூசியையும் நினைவூட்டுவோம். அந்நோய் கண்டபின் பிழைப்பது அரிதினும் அரிது. ஆண்டுதோறும் நாய்க்குத் தடுப்பூசி போடுவது படுக்கையைச் சுத்தம் செய்வதினும் முந்திய கடமை.

அயலவர் நெறி

இனி அந்தத் திண்ணைக்கே திரும்புவோம். அந்த அம்மையார் ஏன் உட்காரவில்லை?

இலங்கை முஸ்லிம்களில் மிகப் பெரும்பாலோர் ஷாஃபி மத்ஹபைப் பின்பற்றுவோர். நாயின் உமிழ்நீரும் ஈரமும் பட்ட பொருளை ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண் கலந்த நீரால் கழுவ வேண்டும் என்பது அவர்களுடைய சட்டம். உடையில் அந்த அசுத்தம் பட்டால் அதோடு தொழமுடியாது. உலர்ந்த பொருளில் உலர்ந்தது பட்டால் குற்றமில்லை என்றும் அச்சட்டம் சொல்கிறது. ஆனால் வெயிலில் நடந்து வந்து வியர்த்திருப்பவர் எதை உலர்ந்தது என்று கொள்வது? தொழுகைக்கு நேரமாகிவிட்டது, உடை மாற்ற வீடு தூரம். ஆகவே அவர் நின்றுகொண்டே பேசினார். அதில் வெறுப்பு இல்லை, அருவருப்பும் இல்லை. விருந்தளித்தவரின் மனம் நோகாதபடி தம் கடமையைக் காத்துக்கொண்டார், அவ்வளவே.

விரதம் இருக்கும் நாளில் நம் வீட்டார் வெளியில் உண்ணத் தயங்கினால், அழைத்தவர் அதைப் பகையாகக் கொள்வதில்லை அல்லவா? அதுபோன்றதே இதுவும். நம் பங்குக்கு நாம் செய்யக்கூடியது மிகச் சிறியது. விருந்தினருக்கென ஒரு பாய் தனியாக, உயரத்தில், நாய் தொடாதபடி இருக்கட்டும். நாய்க்கென ஒரு படுக்கை தனியாக, வாசற்புறத்தில் இருக்கட்டும். இரண்டும் ஒன்றோடொன்று கலவாதிருக்கட்டும்.

இது வெறும் சுகாதார விஷயம் என்று எண்ண வேண்டாம். 1990 ஆகஸ்ட்டில், கோயிலில் தஞ்சம் புகுந்திருந்த மக்கள் பலர் கொல்லப்பட்ட ஊர் வீரமுனை. எஞ்சியோர் ஊரைவிட்டுச் சிதறி, காலம் சென்று திரும்பி வந்து, இடிந்த வீடுகளை மீண்டும் எடுத்தார்கள். அத்தகைய ஊரில், அயலூர்ப் பெண்மணி ஒருவர் தாம் இழைத்த பாயோடு படலையைத் திறந்து வருவதும், “வாங்க ராத்தா” என்று ஒரு குரல் எழுவதும் எளிதில் கிடைத்தவை அல்ல. அப்படி வந்தவர் உட்கார ஓரிடம் இல்லாமற் போவதைச் சிறு விஷயம் என்று எப்படிச் சொல்வோம்?

சில வாரங்களின் பின் மறுபடியும் அவ்வீட்டுக்குச் சென்றோம். திண்ணையின் கோடியில், வாசலைப் பார்த்தபடி, செங்கல்லின் மேல் ஒரு பலகை. அதன்மேல் பழஞ்சாரத்தில் தைத்த மெத்தை. காவலன் அதில் கம்பீரமாகப் படுத்திருந்தான். கொடியில் இரண்டாவது உறை காய்ந்துகொண்டிருந்தது. தூணில் ஆணியில் தொங்கியது சைக்கிள் ரியூப் அடித்த மரத்துண்டு. பள்ளி விட்டு வந்ததும் அதை இழுப்பது மூத்த மகனின் வேலையாம்.

வளை மரத்தில் புதிய பன்பாய் ஒன்று சுருட்டிச் செருகப்பட்டிருந்தது.

“அது ஆருக்கு?” என்று கேட்டோம்.

“ராத்தா வந்தா இருக்கிறதுக்கு” என்றார் வீட்டுத் தலைவி. “போன கிழம வந்தவ. விரிச்சுக் குடுத்தன். குனிஞ்சு ஒருக்காப் பாத்துப்போட்டு, இருந்திட்டா. தேத்தண்ணியும் குடிச்சா.”

மெத்தையில் படுத்திருந்த நாய், தன்னைப்பற்றிய பேச்சு என்று அறிந்ததோ என்னவோ, ஒருமுறை வாலை ஆட்டிவிட்டு மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டது.